எல்லாரும் எல்லாருக்குமா, ஆளுக்கொரு விருப்பமா? ஃபேன்டஸி ஆர்பிஜி ரொமான்ஸ் விவாதம்

கல்தச்சன்

பால்டர்ஸ் கேட் 3 பற்றி எந்த இழை தொடங்கினாலும் சில பதில்களுக்குள் ரொமான்ஸ் சண்டை வந்துவிடுகிறது: ஆர்பிஜியில் (நாமே ஒரு பாத்திரமாக ஆடும் கேம்) நம்மோடு பயணிக்கும் கம்பேனியன்கள் நம் பாத்திரத்தின் பாலினமோ இனமோ பாராமல் காதலிக்க வேண்டுமா, ஒவ்வொருவருக்கும் சொந்த விருப்பம் இருக்க வேண்டுமா என்று. அதற்கென்று ஒரு தனி இழை இருக்கட்டும். கதைத் திருப்பங்கள் எல்லாமே இங்கே பேசப்படும். ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் (2014) செய்ததுதான் சரி. காதலிக்கக் கூடியவர்கள் எட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் சொந்த விருப்பம் உண்டு. கசாண்ட்ராவுக்கும் டோரியனுக்கும் ஆண்கள் மட்டும். சேராவுக்கும் பிளாக்வாலுக்கும் பெண்கள் மட்டும். கல்லன் மனிதப் பெண்ணையோ எல்ஃப் பெண்ணையோதான் ஏற்பான். சோலஸுக்கு எல்ஃப் பெண் மட்டுமே. ஜோசஃபினும் அயர்ன் புல்லும் யாராக இருந்தாலும் சம்மதம்.

இந்த வரம்பு இல்லாவிட்டால் டோரியன் கதையே இல்லை. பெற்ற தகப்பன் ரத்த மந்திரத்தால் மகனின் இயல்பை மாற்றப் பார்த்தான் என்பதுதான் அவன் வீட்டை விட்டு வந்த காரணம். பெண் இன்க்விசிட்டருக்கும் (நாம் ஆடும் பாத்திரம்) அவன் காதலனாகலாம் என்று வைத்தால் ரெட்கிளிஃப் விடுதியில் அப்பாவும் மகனும் மோதும் காட்சிக்கு என்ன பொருள் மிஞ்சும்? சோலஸும் அப்படித்தான். காதலியின் முகத்திலுள்ள வல்லஸ்லின் கோலங்கள் ஒரு காலத்தில் அடிமைக் குறிகளாக இருந்தவை என்று சொல்லி அவற்றை அழிக்க முன்வருவான், அதே இடத்தில் பிரிந்தும் போவான். அந்தக் காட்சியை ஒரு குள்ளர் இனப் பெண்ணை வைத்து எழுத முடியாது.

பால்டர்ஸ் கேட் 3-இலும் டிராகன் ஏஜ் வரிசையின் வெயில்கார்டிலும் (2024) யார் வந்தாலும் எல்லாரும் தயார். ஆடுகிறவர் எப்படியோ அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறவர்களிடம் இந்த அழுத்தம் வருவதில்லை.

மருதாணி

டோரியனைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அந்த ஒரு நல்ல உதாரணத்தைக் காட்டி முழு ஏற்பாட்டையும் நியாயப்படுத்த முடியாது. அதே இன்க்விசிஷனில் யாருக்கு எத்தனை வழி திறந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எல்ஃப் பெண்ணாக ஆடினால் ஆறு பேர்: பிளாக்வால், புல், கல்லன், சோலஸ், சேரா, ஜோசஃபின். மனிதப் பெண்ணுக்கு ஐந்து. குள்ளர் இனப் பெண்ணுக்கும் குனாரிப் பெண்ணுக்கும் நான்கு. ஆண் எந்த இனமாக இருந்தாலும் நான்கு. இதற்குள் ஒரு பெண்ணைத்தான் காதலிப்பேன் என்கிற பெண்ணுக்கு இரண்டே பேர், ஆணைத்தான் என்கிற ஆணுக்கும் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் நூறு மணி நேர கேமில் மிச்சம் ஒரே ஒருவர். குள்ளர் இனப் பெண்ணிடம் கல்லன் ஏன் மறுக்கிறான் என்பதற்குக் கதைக்குள் ஒரு வரிகூட இல்லை. அது பாத்திரத்தின் குணத்திலிருந்து வந்த வரம்பல்ல, தயாரிப்பில் போட்ட கோடு.

பழைய கேம்களில் இன்னும் மோசம். பால்டர்ஸ் கேட் 2 (2000) வந்தபோது ஆண் பாத்திரத்துக்கு ஏரி, ஜஹைரா, விகோனியா என்று மூவர். பெண் பாத்திரத்துக்கு அனோமென் ஒருவன்தான். "பாத்திரத்துக்குச் சொந்த விருப்பம் உண்டு" என்று சொல்லும்போது அந்த விருப்பங்களைப் பங்கிட்டது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாதாளன்

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா சண்டை அங்க இல்லைன்னு தோணுது. "எல்லாரும் தயார்"ங்கிறது பிரச்சினையே இல்லை. கேக்காமலே வந்து நிக்கிறாங்க, அதுதான் எரிச்சல். பால்டர்ஸ் கேட் 3 முதல் ஆக்ட்ல (பாகத்துல) டீஃப்லிங் பார்ட்டி நைட் வர்றதுக்குள்ள கேல், லேஸெல், ஆஸ்டேரியன்னு வரிசையா தூண்டில் போடுறாங்க. நட்பா நாலு வார்த்தை பேசினதுக்கு இதுவா?

இரும்புக்கை

பாதாளன் தொட்ட இடம்தான் இந்த விவாதத்தின் வேர் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான கேம்களில் ஒரு கம்பேனியன் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரே ஓர் எண்தான் இருக்கிறது: அப்ரூவல். நட்பும் மரியாதையும் காதலும் அந்த ஒரே எண்ணில் ஏறுகின்றன. ஒரு பூனையைக் காப்பாற்றினாலும் எண் கூடும், கண் சிமிட்டினாலும் கூடும். அது ஒரு கோட்டைத் தாண்டியதும் காதல் காட்சி தொடங்குகிறது. ஆடுகிறவரின் எண்ணம் என்ன என்பதை கேம் கேட்பதே இல்லை, எண்ணைப் பார்த்து ஊகிக்கிறது. ஊகம் தப்பும்போதுதான் "ஏன் இவன் என்மேல் விழுகிறான்" என்ற கோபம் வருகிறது. அந்தக் கோபத்தைப் பலர் பாலின விருப்பத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3 ஆகஸ்ட் 2023-இல் வந்தபோது நடந்தது இதுவே. அந்தக் கோட்டை மிகத் தாழ்வாக வைத்துவிட்டதால் கம்பேனியன்கள் சீக்கிரமே நெருங்கினார்கள், கேலின் மந்திரப் பாடக் காட்சி அப்படி வந்திருக்கக் கூடாது என்று லேரியன் தலைவர் ஸ்வென் வின்கேயே பின்னர் சொன்னார். அடுத்தடுத்த திருத்தங்களில் அது அடங்கியது. ஆனால் அமைப்பு மாறவில்லை, கோடு மட்டும்தான் உயர்ந்தது.

இதைவிடப் பழைய உதாரணம் டிராகன் ஏஜ் 2 (2011). அதில் கம்பேனியன் ஆண்டர்ஸ், நாம் ஆடும் ஆண் ஹாக்கிடம் தானாகவே மனம் திறப்பான். மறுத்தால் ரைவல்ரி (எதிர்ப்பு எண்) ஏறும். அந்த ஒரு காட்சியை வைத்து 2011-இல் பயோவேர் மன்றத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர், ரொமான்ஸ்கள் எந்த ஒரு பிரிவினருக்கும் மட்டுமானவை அல்ல, எல்லாருக்கும்தான் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தப் பதில் சரியானது. ஆனால் மரியாதையாக மறுத்தவருக்கு எண்ணில் தண்டனை விழுந்தது என்ற வடிவமைப்புக் குறை அந்தப் பதிலில் தீரவில்லை. இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள், ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன.

இத்தனைக்கும் டிராகன் ஏஜ் 2-இல் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. அளவுகோலுக்கு இரண்டு முனை: ஒரு பக்கம் நட்பு, மறுபக்கம் ரைவல்ரி. எந்த முனைக்குப் போனாலும் காதல் சாத்தியம். மந்திரவாதிகளை வெறுக்கும் ஃபென்ரிஸை மந்திரவாதி ஹாக் எதிர்த்து வாதாடிக்கொண்டே காதலிக்கலாம். எண்ணை ஏற்றுவதற்காக அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. டயலாக் சக்கரத்தில் இதயக் குறி போட்ட வரி இருக்கும், அதைத் தொட்டால்தான் காதல் பக்கம் கணக்கு. இன்க்விசிஷனும் அந்தக் குறியை வைத்துக்கொண்டது. என் பார்வையில் எண்ணையும் எண்ணத்தையும் பிரித்து வைப்பதுதான் மருந்து. அப்ரூவல் எவ்வளவு உயர்ந்தாலும் ஆடுகிறவர் ஒருமுறை தெளிவாகக் கோடிட்ட வரியைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே காதல் ஃப்ளாக் (கேம் உள்ளே வைக்கும் குறி) விழ வேண்டும். மறுத்தால் அந்த ஃப்ளாக் அணைய வேண்டுமே தவிர எண்ணைத் தொடக் கூடாது.

பாதாளன்

இதுக்கு உச்சம் டிராகன்ஸ் டாக்மா (2012) தாங்க. அதுல ஊர்ல இருக்கிற என்பிசி (கேமே இயக்குற பாத்திரம்) ஒவ்வொருத்தருக்கும் மறைவா ஒரு அஃபினிட்டி எண் இருக்கு. பேசினா ஏறும், பொருள் கொடுத்தா ஏறும், வேலை முடிச்சுக் கொடுத்தா ஏறும். கடைசில டிராகன் யாரைத் தூக்கிட்டுப் போய் "உன் உயிருக்கு உயிரானவர்"னு காட்டுதுன்னா, எண் அதிகமா இருக்கிறவரை. ஆயுதம் வாங்க அடிக்கடி போன கடைக்காரர் அங்க வந்து நிக்கிறதா நிறைய பேருக்கு நடந்திருக்கு. இரும்புக்கை சொன்னது இதுல முழுசா தெரியும்: நம்ம எண்ணத்தை யாருமே கேக்கலை.

தப்பிக்க வழி: வேண்டியவருக்கு அரைசன்ஸ் பாண்ட் மோதிரத்தைக் கொடுத்துடணும், டிராகனோட கடைசிச் சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே. கொடுத்துட்டு வேற யாருக்கும் பரிசு கொடுக்காம இருக்கிறது நல்லது.

தூரிகை

இரும்புக்கை, உங்கள் மருந்தில் பாதியை ஏற்கிறேன். எண்ணத்தைத் தெளிவாகக் கேட்க வேண்டும், சரி. ஆனால் எல்லாவற்றையும் இதயக் குறி போட்டுக் காட்டிவிட்டால் காதல் ஒரு கடைப் பட்டியல் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த வரி எங்கே கொண்டுபோகும் என்று முன்கூட்டியே தெரிந்த உரையாடலில் பதற்றம் ஏது?

விட்சர் 3 (2015) இதைக் குறியில்லாமலே செய்தது. அங்கே எண் கிடையாது. டிரிஸ்ஸுக்கு ஓர் இடம், யென்னெஃபருக்கு ஓர் இடம். நோவிகிராட் துறைமுகத்தில் டிரிஸ் கப்பலேறப் போகும்போது அவளை நிற்கச் சொல்லி, காதலிக்கிறேன் என்று நேராகச் சொல்ல வேண்டும். மழுப்பினால் போய்விடுவாள். யென்னெஃபருக்கு 'லாஸ்ட் விஷ்' பணியில், ஜின் மந்திரம் அறுந்த பிறகு, இன்னும் காதலிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வரிகளிலேயே பொருள் தெளிவாக இருப்பதால் தனிக் குறி தேவைப்படவில்லை. இருவரிடமும் சொன்னால் பின்னால் இருவரும் சேர்ந்து நாயகன் கெரால்ட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவார்கள், கதை முடியும்வரை இரண்டு பேரும் இல்லை. செய்ததற்கு விளைவு வருகிறது, அதை ஆடுகிறவரால் முன்கூட்டியே ஊகிக்கவும் முடிகிறது.

கல்தச்சன்

ஆனால் கெரால்ட் ஏற்கனவே எழுதப்பட்ட ஆள், தூரிகை. இருபது வருட உறவு பின்னால் இருக்கிறது. நாமே உருவாக்கிய பாத்திரம் நுழையும் கேமில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது கடினம்.

தூரிகை

அப்படியானால் டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸை (2009) எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நம் பாத்திரம்தான். கம்பேனியன் அலிஸ்டரைப் பெண் வார்டன் (நம் பாத்திரம்) மட்டும்தான் காதலிக்கலாம், அது உங்கள் கட்சிக்குச் சாதகம். ஆனால் பெண்ணுக்குள் எந்த இனத்துக்கும் கதவு மூடவில்லை. உள்ளே வந்த பிறகு உலகம் விலை கேட்கிறது. அவரை அரசனாக்கினால் மனிதப் பிரபுக் குலத்துப் பெண் மட்டுமே அரசியாக முடியும். எல்ஃப், குள்ளர், மந்திரவாதி என்றால் அரசனானதும் பிரிந்துவிடுவார்.

அந்தப் பிரிவையும் தடுக்கலாம். டெனரிமில் அவர் அக்கா கோல்டான்னா வீட்டுக்கு அவரைக் கூட்டிப் போய், அந்தச் சந்திப்பு கசந்த பிறகு, ஆறுதல் சொல்லாமல் 'எல்லாரும் தன் நலத்தைத்தான் பார்ப்பார்கள்' என்ற பொருளுள்ள வரியைச் சொல்ல வேண்டும். அடுத்து முகாமில் அவரோடு பேசும்போது மனம் இறுகியது தெரியும். இறுகிய அலிஸ்டர் அரசனானாலும் காதலியை விடமாட்டார், கல்யாணம்தான் இருக்காது. இதைச் செய்யாமல், அரியணையைத் தீர்மானிக்கும் பிரபுக்கள் கூட்டமான லேண்ட்ஸ்மீட் வரை போய்விட்டு, பிறகு ஏன் பிரிந்தார் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதைப் போலவே, எதிரித் தளபதி லோகெய்னை உயிரோடு விட்டாலும் அவர் போய்விடுவார். கடைசி எதிரியைக் கொல்பவரின் உயிரைக் காக்கும் மாரிகனின் சடங்கை மறுத்திருந்தால் கடைசிச் சண்டைக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள், காதலிக்காகத் தானே உயிரைக் கொடுத்துவிடுவார்.

கதவைச் சாத்துவதைவிட, உள்ளே விட்டு விலை கேட்பது நூறு மடங்கு மேல் என்று சொல்வேன். மருதாணி சொன்ன கல்லன் குறைக்கும் இதுதான் பதில். குள்ளர் இனப் பெண்ணையும் அவன் காதலிக்கட்டும். அவளை ஆண்ட்ராஸ்டேயின் தூதராகப் பார்க்கும் சர்ச் அதற்கு என்ன சொல்கிறது என்பதை எழுதட்டும்.

மருதாணி

அந்த வாதத்தை மனதார ஏற்கிறேன். ஒன்றே ஒன்று: விலை கேட்பதற்கு எழுத ஆள் வேண்டும். வெயில்கார்டில் ஏழு பேரும் எல்லாருக்கும் திறந்திருக்கிறார்கள். ஆனால் நிஜமான நெருக்கம் இறுதிப் பணிக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. அதற்கு முன் நீண்ட தூரம் சின்னச் சின்ன ஃப்ளர்ட் வரிகள் மட்டும். 'எல்லாரும் தயார்' என்ற ஏற்பாடு மோசமானது என்று அந்த கேமை வைத்துப் பலர் முடிவு கட்டினார்கள். தவறு கதவு திறந்திருந்ததில் இல்லை, அறைக்குள் சாமான் குறைவாக இருந்ததில்.

அதே ஏற்பாட்டை வைத்துத்தான் பால்டர்ஸ் கேட் 3, ரத்தக்காட்டேரியான ஆஸ்டேரியனை எழுதியது. மூன்ரைஸ் கோபுரத்தில் அராஜ் ஒப்லோட்ரா அவன் கடிக்க வேண்டும் என்று கேட்பாள். அவனைக் கட்டாயப்படுத்தலாம், அல்லது அவன் மறுப்புக்குத் துணை நிற்கலாம். காதலனாக இருக்கும்போது துணை நின்றால் பிறகு முகாமில் வரும் உரையாடல், அவன் இதுவரை நெருக்கத்தை ஒரு கருவியாக மட்டும் பயன்படுத்தியதை அவனே ஒப்புக்கொள்ளும் இடம். ஆடுகிறவர் ஆணா பெண்ணா என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் கல்தச்சன் கேட்ட அழுத்தம் முழுசாக இருக்கிறது. அவன் பழைய எஜமான் காஸடோர் மாளிகையில் அவனை அசெண்ட் ஆக (முழு ஆற்றலுள்ள காட்டேரியாக) விட்டால் அதே காதல் எஜமான்–அடிமை உறவாகத் திரும்புகிறது. இதைவிடக் கடுமையான விலை எந்த கேமில் கேட்கப்பட்டது?

கல்தச்சன்

ஆஸ்டேரியன் விஷயத்தில் மறுப்பதற்கு எனக்கு எதுவும் இல்லை. அவன் கதை ஆடுகிறவரின் பாலினத்தைச் சார்ந்து நிற்கவில்லை, அதனால் திறந்த கதவு அவனுக்குப் பொருந்துகிறது. டோரியன் கதை சார்ந்து நிற்கிறது, அதனால் பொருந்தாது. ஆளைப் பார்த்து முடிவெடுக்கட்டும், ஒரே விதியை எல்லார் தலையிலும் கட்ட வேண்டாம் என்ற அளவுக்கு நான் இறங்கி வருகிறேன். கல்லன் கோட்டை நான் காப்பாற்றப் போவதில்லை.

பாதாளன்

விலை பத்திப் பேசுறதால பால்டர்ஸ் கேட் 3-ல வர்ற எதிரிப் படைத் தலைவி மின்தாராவைப் பத்திக் கேக்கணும். முன்னாடி அகதிகள் தங்கியிருக்கிற தோப்பை அழிச்சாதான் அவ கூட வருவா. அழிச்சா வில்லும் கார்லாக்கும் போயிடுவாங்க, ஹால்சினும் கிடையாது. 2023 நவம்பர்ல வந்த பேட்ச் 5-க்கு அப்புறம் மயக்கம் போட வெச்சா போதும், தோப்பும் பொழைக்குது, அவளும் வர்றா. இது விலையைத் தள்ளுபடி பண்ணின மாதிரி இல்லையா?

செய்றவங்களுக்காக முறை: பாசிவ் வரிசைல நான்-லீதல் அட்டாக்கை (கொல்லாம வீழ்த்துற அடி) ஆன் பண்ணுங்க. கடைசி அடி கைகலப்பு அடியா இருக்கணும், அம்போ மந்திரமோ பட்டா செத்துடுவா. கூட இருக்கிற எல்லாருக்கும் ஆன் பண்ணணும், ஒருத்தருக்கு மறந்தாலும் போச்சு. பத்த வெச்ச தரை, விஷ மேகம் எதுவும் அவ பக்கத்துல வேண்டாம். அப்புறம் ரெண்டாவது ஆக்ட்ல மூன்ரைஸ் கோபுரத்தைத் தாக்குறதுக்கு முன்னாடி உள்ள போய், விசாரணையைப் பாத்து, சிறையிலேர்ந்து அவளைக் கூட்டிட்டு வரணும்.

இரும்புக்கை

தள்ளுபடிதான். ஆனால் பேட்ச் வருவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் இதைக் கோளாறு வழியாகச் செய்துகொண்டிருந்தார்கள், லேரியன் அதை முறைப்படுத்தியது. என் வருத்தம் வேறு: தோப்பை அழித்தவனிடமும் காத்தவனிடமும் மின்தாரா பேசும் பேச்சில் போதுமான வித்தியாசம் இல்லை. வழி திறந்ததில் குற்றமில்லை, தன்னை அடித்து வீழ்த்தியவன் மேல் அவளுக்கு இன்னும் ஆழமான கணக்கு இருந்திருக்க வேண்டும்.

மருதாணி

இன்னொரு கோணமும் விடுபடக் கூடாது: நாம் தேர்ந்தெடுக்காதவர்கள். இன்க்விசிஷனில் டோரியனையும் புல்லையும் யாரும் காதலிக்காமல், இருவரையும் சேர்த்தே பயணத்தில் வைத்திருந்தால் அவர்களுக்குள் ஒன்று மலரும். வெயில்கார்டில் நீவும் லூகானிஸும் அப்படி. கம்பேனியன்கள் நமக்காகக் காத்திருக்கும் பொம்மைகள் என்ற குற்றச்சாட்டுக்கு, பாலின வரம்பைவிட இது நல்ல பதில். இதற்கு நேர்மாறு ஸ்கைரிம் (2011): மாரா தாயத்தை ரிஃப்டனில் மரமாலிடம் 200 கோல்டுக்கு வாங்கிக் கழுத்தில் போட்டால், சின்ன உதவி ஒன்று செய்திருந்தால் போதும், அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம். பிறகு தினம் 100 கோல்டும் ஒரு வேளைச் சாப்பாடும் தருவார்கள். சொந்த மனம் உள்ள செரானாவை மட்டும் மணக்க முடியாது, ரசிகர்கள் எழுதும் மோட்கள் (கேமை மாற்றும் இணைப்புகள்) அதிகம் துரத்துவதும் அவளைத்தான்.

தூரிகை

மோட் பற்றி: இன்க்விசிஷனில் பாலின, இனக் கட்டுப்பாட்டை நீக்கும் மோட்கள் கணினியில் உண்டு. போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மோட் கதவைத் திறக்கும், குரலை மாற்றாது. பதிவு செய்யப்பட்ட 'அவள்', 'அவன்' அப்படியேதான் ஒலிக்கும். முத்தக் காட்சிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு அமைக்கப்பட்டவை, குள்ளர் இனப் பாத்திரம் என்றால் முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகும். மோட் போடும் முன் சேவ் கோப்பைத் தனியாக நகல் எடுங்கள், காதல் தொடங்கிய பின் நடுவில் மோடை நீக்காதீர்கள்.

பாதாளன்

கார்லாக் ரொமான்ஸ் ரெண்டாவது ஆக்ட்ல பாதியில நின்னுபோச்சுன்னு அடுத்த இழைல ஒருத்தர் கேட்டிருக்கார். இங்கயே பதில் சொல்லிடலாமா?

இரும்புக்கை

தாராளமாக. அவள் இயந்திர இதயத்துக்கு இரண்டு மேம்பாடு வேண்டும், இரண்டையும் செய்பவன் கொல்லன் டேமன். முதல் ஆக்டில் தோப்பில் இருப்பான், இன்ஃபெர்னல் அயர்ன் ஒரு துண்டு கொடுத்தால் முதல் வேலை முடியும். இரண்டாவது, லாஸ்ட் லைட் விடுதியில். இரண்டும் முடியாமல் அவளைத் தொட முடியாது, எனவே காட்சியும் நகராது. விடுதிக்குப் போனதும் மாடிக்கு ஏறி ஐசோபெல்லிடம் பேசிவிடாதீர்கள். பேசினால் தாக்குதல் தொடங்கும், ஐசோபெல்லைத் தூக்கிப் போய்விட்டால் விடுதியே அழிந்துவிடும். முதலில் டேமன், பிறகு மாடி.

இன்னொரு பொதுக் காரணம்: முகாம் காட்சிகள் வரிசையில் காத்திருக்கும், ஓர் இரவுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் வரும். நீளமான ஓய்வே எடுக்காமல் ஓடினால் வரிசை தேங்கி, அடுத்த ஆக்டுக்குள் நுழைந்ததும் பழைய காட்சிகள் உதிர்ந்துவிடும். சாமான் குறைவாக இருந்தால் கேம்ப் சப்ளை எதையும் தேர்ந்தெடுக்காமல் பாதி ஓய்வு எடுங்கள், காட்சி அப்போதும் வரும். தலைக்கு மேல் ஆச்சரியக்குறி இருப்பவரிடம் படுக்கும் முன் பேசிவிடுங்கள். ஹானர் ஆட்டநிலையில் ஒரே சேவ்தான் என்பதால் தவறான வரியைத் தொட்டால் திரும்ப வழியில்லை, மற்ற ஆட்டநிலைகளில் ஒவ்வோர் ஓய்வுக்கு முன்பும் தனி சேவ் போட்டு வையுங்கள். கேள்வி கேட்டவர் தோப்பை அழித்திருந்தால் மட்டும் இதெல்லாம் பயன்படாது. டேமனும் இருக்கமாட்டான், கார்லாக்கும் இருக்கமாட்டாள்.